ஈசிஆர் பட்டறையின் மரமும் கல்லும்: பெஞ்சு வாங்கலாம், மேசைக்கு நிபந்தனை உண்டு, கன்சோல் வேண்டாம்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், நாட்டு மரத்தையும் கருங்கல்லையும் சேர்த்துச் சிற்பம் மாதிரி மேசை, பெஞ்சு செய்து தரும் பட்டறைகள் சில இருக்கின்றன. அதில் ஒரு பட்டறையின் மூன்று உருப்படிகளைப் பற்றியது இந்த விமர்சனம்: பூவரசு பெஞ்சு, ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, சுவரோரம் போடும் ஒடுங்கிய மேசையான வேங்கைக் கன்சோல். பட்டறையின் பெயர் இங்கே வராது. சொல்லப்போகும் குறைகள் அந்த ஓரிடத்துக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. இந்த வகைச் சாமான் விற்கிற எந்த இடத்திலும் கண்ணில் படக்கூடியவை.

ஷோரூமில் எல்லாருமே மேல்பரப்பைத் தடவிப் பார்க்கிறார்கள். பாலிஷ் அங்கேதான் பளபளக்கிறது, விற்பவரும் அங்கேதான் கையை வைத்துப் பேசுகிறார். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள். மரம் கல்லைத் தொடும் இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதுதான் பத்து வருஷம் கழித்து அந்தச் சாமான் முழுசாக இருக்குமா என்பதைச் சொல்லும்.

காரணம் எளிது. கல் அசையாது, ஒரு மீட்டர் நீளக் கருங்கல் 20 டிகிரி சூடேறினாலும் நீள்வது 0.2 மி.மீ.க்குள்தான். மரம் அப்படியில்லை. ஜன்னல் திறந்திருக்கும் சென்னை வீட்டில் மரத்தின் ஈரம் 12 முதல் 14 சதவீதத்தில் நிற்கும். அதே மரத்தை நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் போட்டால் 9, 10-க்கு இறங்கும். இந்த நாலு சதவீத வித்தியாசத்துக்கே 600 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை அகலவாட்டில் 4 மி.மீ.க்கு மேல் சுருங்கும். தேக்கு சாதுவான மரம். மாம்பலகை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும். நீளவாட்டில் எந்த மரமும் கணக்கில் எடுக்கும் அளவுக்கு மாறாது. ஆக, பலகையின் அகலத்துக்குக் குறுக்கே கல்லை இறுக்கிக் கட்டினால் இரண்டில் ஒன்று வெடிக்கும். வெடிப்பது பெரும்பாலும் மரம். கல் மெல்லிசாக இருந்தால் கல்.

பெஞ்சு இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டிருக்கிறது. 1500 மி.மீ. நீளம், 350 அகலம், 60 கனம் உள்ள ஒரே பூவரசுப் பலகை. கீழே உளியால் கொத்திய இரண்டு கருங்கல் துண்டுகள். கல்லின் தலையில் ஒரு நாக்கு விட்டு, பலகையின் அடியில் அதற்கான பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். பள்ளம் நாக்கைவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. அகலம். நடுவில் 12 மி.மீ. எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பின் ஒன்று மட்டும். பசை எங்கேயும் இல்லை. மரத்துக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லிய கார்க் தாள். பலகை 24 கிலோ அளவில் வரும்; இரண்டு பேர் தூக்கினால் கையோடு வந்துவிடும். வீடு மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

பூவரசைத் தேர்ந்ததும் சரி. கடற்கரைக்கே உரிய மரம், படகுக்கும் வண்டிக்கும் பயன்பட்டது. வைரம் பாய்ந்த பகுதி சாக்லேட் நிறத்தில் அடர்த்தியாக இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு நேர்ப்பலகை கிடைப்பதுதான் கஷ்டம். மரம் வளைந்து வளரும், வயதானால் நடு உளுத்துப் பொந்து விழும். இந்தப் பட்டறை வளைவை மறைக்காமல் பெஞ்சின் முன் ஓரமாகவே விட்டுவிட்டது. அதுதான் அதன் அழகு. ஒரு குறை: பின் ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெள்ளைக்கட்டை, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, இருக்கிறது. பூவரசானாலும் வேறு எந்த மரமானாலும் வண்டு முதலில் போவது வெள்ளைக்குத்தான். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் பாலிஷுக்கு முன்னால் கொடுக்கச் சொல்லுங்கள். பாலிஷ் போட்ட பிறகு கரைசல் உள்ளே இறங்காது. வாங்கிய சாமானில் குண்டூசித் தலை அளவு ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் தெரிந்தால் அது பழைய ஓட்டையா என்று விவாதிக்க வேண்டாம். தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி கொட்டியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

கால்களாக நிற்கும் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக்குத் தெற்கே கிடைக்கும் கருங்கல்லில் பெரும் பகுதி கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்த சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லை வைத்துத்தான் உலகமே அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்த வகை என்பதால் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1890-களில் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். புதிதாக உடைத்த முகம் பச்சை கலந்த கறுப்பாக, எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். வெயில் மழை பட்ட முகம் பழுப்பேறும். பெஞ்சின் ஒரு காலில் இந்தப் பழுப்புத் தோலை ஒரு பக்கம் அப்படியே வைத்து, மறுபக்கம் மட்டும் மெருகு போட்டிருக்கிறார்கள். மூன்று உருப்படிகளில் கண்ணை நிறுத்துகிற வேலை இதுதான். மாமல்லபுரத்துக் கல் வேலைக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கை இங்கே தெரிகிறது.

இனி மேசை. பலகை 1800-க்கு 900, கனம் 45 மி.மீ. விற்கும்போது நாட்டு மரம் என்கிறார்கள். அது தூங்குமூஞ்சி. சென்னைத் தெருக்களில் நூறு வருஷத்துக்கு மேல் நிழல் கொடுத்தாலும் அதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. இதில் கோபப்பட ஒன்றுமில்லை; நல்ல ரேகை, குறைந்த சுருக்கம், அகலப் பலகை கிடைப்பது என்று மேசைக்கு வேண்டிய எல்லாமே அதில் உண்டு. நாட்டு மரம் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் பேரம் பேசுங்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் விழுந்த மரம் என்று ஒரு கதையும் கூடவே வரும். இருக்கலாம். அந்தப் புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் சென்னையில் விற்கும் தூங்குமூஞ்சி மேசை எல்லாவற்றுக்கும் வர்தாதான் தாய் என்றால் நம்ப முடியவில்லை. கதையைவிட ஈர மீட்டர் முக்கியம். ஊசி வைத்த மீட்டரைப் பலகையின் அடியில், நடுப்பகுதியில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்தில் குத்தினால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். 12-க்குள் இருந்தால் எடுக்கலாம். 16 காட்டினால், ஏசி அறைக்கு வந்த முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும். நிழலில் காயவைத்த பலகைக்கு ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் கணக்கு, 45 மி.மீ.க்கு இரண்டு வருஷம் ஆகும். சூளையில் காயவைத்தால் சில வாரங்களில் முடியும்.

மேசைக்கால்கள் இரண்டும் ஒற்றைக் கல். 690 உயரம், 450 அகலம், 200 கனம் உள்ள பாளத்திலிருந்து இடுப்பு ஒடுங்க, தலையும் பாதமும் விரியும்படி செதுக்கியவை. ஒவ்வொன்றும் 125 கிலோ அளவில். உருவம் அருமை. கல்லின் இயல்புக்கும் ஒத்து வருகிறது. கல் மேலிருந்து அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். வளைக்கிற, இழுக்கிற விசைக்குத் தாங்காது. அதனால் காலாக நிறுத்துவது நல்லது. அதே பட்டறையில், சுவரிலிருந்து பிடிமானமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் 20 மி.மீ. கல் அலமாரித் தட்டு ஒன்றும் இருந்தது. அதை வாங்காதீர்கள், யாராவது ஒரு நாள் அதன் நுனியில் கையூன்றி எழுந்திருப்பார்கள்.

தப்பு நடந்திருப்பது மேசையின் மூட்டில். ஒவ்வொரு காலிலும் அகலவாட்டில் 320 மி.மீ. இடைவெளியில் இரண்டு 12 மி.மீ. மரைக்கம்பிகள். கல்லில் துளையிட்டு எபாக்ஸி என்ற கெட்டிப் பசையில் நட்டிருக்கிறார்கள், அது சரி. பலகையில் போட்ட துளைகள்தான் வட்டமாக, கம்பியின் அளவுக்கே இருக்கின்றன, அதிலும் எபாக்ஸி நிரப்பியிருக்கிறது. ஈரம் 14-லிருந்து 9-க்கு இறங்கினால் அந்த 320 மி.மீ. தூரம் தூங்குமூஞ்சியில்கூட 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். கம்பி விடாது. பலகையில் ரேகையோடு ஒரு வெடிப்பு நீளவாட்டில் ஓடும், அதுவும் கம்பி இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கும். அதைப் பிறகு எபாக்ஸி ஊற்றி மூடி, அதையே ஒரு வேலைப்பாடு என்று சொல்லிவிடலாம்தான்.

தீர்வு பெரிய செலவில்லை. இரண்டு துளைகளில் ஒன்று வட்டமாக இருக்கட்டும். மற்றதை அகலவாட்டில் நீள்துளையாக, 12-க்கு 18 மி.மீ. என்று வெட்ட வேண்டும். நட்டுக்கு அடியில் அகலமான வாஷர். எபாக்ஸி கல்லுக்குள் மட்டும். பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் 3 மி.மீ. கார்க். நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரில் கால் சுற்று மட்டும் கொடுத்தால் போதும். ஆர்டர் கொடுக்கும்போதே சொன்னால் இப்படிச் செய்து தருகிறார்கள். ஷோரூமில் நிற்கும் மேசையை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் கிடைக்காது. இந்த மாற்றத்தோடு வாங்கினால் மேசை நல்ல சரக்கு.

கம்பி எந்த உலோகம் என்பதையும் காந்தம் வைத்துப் பாருங்கள். எஸ்எஸ் 304-ம் 316-ம் காந்தத்தை அனேகமாகப் பிடிக்காது. சாதா இரும்பு சட்டென்று ஒட்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி உப்புக் காற்று வரும் வீடுகளுக்கு 316 கேளுங்கள். கல்லுக்குள் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும், கல்லை உள்ளிருந்தே பிளக்கும். தேக்கு, வேங்கை, கருவேலம் மாதிரி மரங்களில் இரும்பு ஈரத்தோடு பட்டால் கறுப்புக் கறையும் பிடிக்கும்.

கன்சோலுக்கு வருவோம். பார்த்தவுடன் பிடித்துப்போவது இதுதான், வாங்கக் கூடாததும் இதுதான். 1200-க்கு 380 வேங்கைப் பலகையின் நடுவில் நீளவாட்டில் பள்ளம் வெட்டி, 100 மி.மீ. அகல வெள்ளை மார்பிள் பட்டையைப் பதித்து, மேலே ஒரே சமமாக இழைத்திருக்கிறார்கள். செம்பழுப்பு மரத்தில் வெள்ளை நதி மாதிரி. இரண்டு கோளாறு. ஒன்று, பள்ளத்தில் இம்மியும் இடமில்லை. பட்டையின் அகலத்துக்கு மட்டுமே மரம் ஒரு மி.மீ. சுருங்கும், மார்பிள் வழி விடாது, பலகையின் இரண்டு முனைகளிலும் வெடிப்பு வரும். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது எதிர்மாறாக இடைவெளி திறந்து அழுக்கு சேரும். பக்கத்துக்கு ஒரு மி.மீ. விட்டு, அதை நியூட்ரல் சிலிகானால் நிரப்பியிருந்தால் தப்பித்திருக்கும். வினிகர் வாடை வரும் சாதா சிலிகான் மார்பிளுக்கு ஆகாது.

இரண்டாவது கோளாறுக்கு மருந்தே கிடையாது. வேங்கையில் நிறம் ஊறும். சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்கும் வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் நிறம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். பூச்சாடியிலிருந்து தண்ணீர் வழிந்து, பாலிஷ் விட்டுப்போன ஓர் ஓரத்தில் இறங்கினால் போதும். பக்கத்திலிருக்கும் வெள்ளைக் கல்லில் மஞ்சள் கோடு படியும். மார்பிள் அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வேங்கைக்குத் துணையாகக் கறுப்புக் கல்லைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளைதான் வேண்டும் என்றால் மரத்தை மாற்றச் சொல்லுங்கள். பலா பொருந்தும், முதலில் மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டுப் பட்டு ஆழ்ந்த பழுப்புக்குப் போகும், கல்லோடு சண்டை போடாது. தேக்கும் பொருந்தும். ஆனால் தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்து உடனே பசை வைக்காவிட்டால் ஒட்டு ஒரு வருஷத்தில் கழன்று வரும்.

கல்லைச் சோதிக்க அதிகம் கருவி வேண்டாம். சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல கல் மணிபோல ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். ஸ்தபதிகள் சிலைக்குக் கல் தேர்வதே ஒலியை வைத்துத்தான். கறுப்புக் கிரானைட் என்று சொல்லி விற்பதில் சாயம் ஏற்றியவையும் உண்டு. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அடிப்பக்கம் தேய்த்தால் துணி கறுக்கும், கல் சாம்பலாகும். கடப்பாக் கல்லைக் கருங்கல் என்று சொன்னால் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்கள். கடப்பா சுண்ணாம்புக்கல் ஆதலால் மங்கும். கிரானைட்டும் சார்னோகைட்டும் அசையாது. புளி, எலுமிச்சை, தயிர் புழங்குகிற சாப்பாட்டு மேசையில் மார்பிளோ கடப்பாவோ மேல்பரப்பாக வருவதை எந்தப் பாலிஷும் நியாயப்படுத்தாது. உளியால் கொத்திய கல்லுக்குச் சீலர், அதாவது ஈரம் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு, கட்டாயம். தண்ணீர்ச் சொட்டு பத்து நிமிஷம் முத்தாக நின்றால் சீலர் இருக்கிறது. கல் கறுத்து உறிஞ்சினால் இல்லை.

மரத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மேலே மூன்று கோட் பியூ (பாலியூரிதேன்) பாலிஷ் போட்டு அடியில் ஒன்றுமே போடாமல் விட்டிருப்பது இந்தத் தொழிலில் சகஜம். மேலே மூடி, கீழே திறந்திருந்தால் பலகை ஒருபக்கமாக ஈரம் குடித்துக் குழியும். பெஞ்சிலும் மேசையிலும் அடிக்கும் பாலிஷ் இருந்தது. கன்சோலில் இல்லை.

விலையை எண்ணாக எழுதிப் பயனில்லை, ஒவ்வொன்றும் தனித்தனி உருவம். கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும். மரம் கன அடிக்கு. மேசைப் பலகை முடிந்த நிலையில் இரண்டரை கன அடிக்குச் சற்று மேல். ஆனால் ஓரம், வெடிப்பு, இழைப்பில் போனது என்று வாங்கிய மரம் அதைவிடக் கூடுதல், அந்தச் சேதாரமும் உங்கள் கணக்கில்தான் வரும். கல்லுக்குக் கல் விலை சின்னது, செதுக்குக் கூலி பெரிது. மரம், கல், செதுக்குக் கூலி, பாலிஷ், ஏற்றிறக்கு என்று ஐந்து வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுத்தால் வேறு பட்டறை பார்க்கலாம். மரத்தின் பெயரும் பில்லில் இருக்கட்டும். தோதகத்தி (ரோஸ்வுட்) என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2017 ஜனவரி முதல் அந்தப் பேரினத்து (டால்பெர்ஜியா) மரங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன. காகிதம் இல்லாமல் போனால் துறைமுகத்தில் நின்றுவிடும்.

கொண்டுவந்து இறக்குவதில் பட்டறை கெட்டி. குட்டியானையில், கல்லை நிற்கவைக்காமல் படுக்கவைத்து, பழைய டயர் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். உங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியவை லிஃப்ட்டும் தரையும். ஆறு பேர் லிஃப்ட் 408 கிலோ. ஒரு காலும் இரண்டு ஆளும் ஏறினால் 270 கிலோ அளவில், பிரச்சினையில்லை. இரண்டு காலையும் நாலு ஆளையும் சேர்த்து ஏற்ற விடாதீர்கள். மேசை மொத்தம் 300 கிலோவுக்குள். வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு, ஓரிடத்தில் குவியும் பாரம் 180 கிலோ அளவு. ஒரு காலுக்குப் பலகையின் பங்கோடு 150 கிலோகூட வராது என்பதால் ஒழுங்காகக் கட்டிய தளத்தில் பயமில்லை. பால்கனியிலும், மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியிலும் இன்ஜினியரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். கால் நிற்கப்போகும் டைலை முன்கூட்டியே நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்த டைல் உடையும்.

நிறுத்தும்போது முதலில் கற்களை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, அதன் பிறகுதான் பலகையை வைக்க வேண்டும். பலகையை மாட்டிவிட்டுக் கல்லின் அடியில் ஆப்பு சொருகினால் மூட்டில் விசை தங்கிவிடும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகு நட்டைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கால் சுற்று.

பராமரிப்புக்குப் பட்டறை தரும் அட்டையில் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று இருக்கிறது. தடவாதீர்கள். அது காயாது, பிசுக்காக நின்று தூசி பிடிக்கும், கல்லின் ஓரத்தில் இறங்கினால் கறுப்பு வட்டமாக நிலைத்துவிடும். தேன்மெழுகு பாலிஷ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால் பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட வேண்டாம். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும் வகை அது. விரித்துக் காயப்போட்டு, இல்லையென்றால் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் எறியுங்கள்.